யன்னலுக்கு ஒட்டும் பிளாஸ்ரிக்: ரொறன்ரோக் குளிருக்கு வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் பெட்டிக்குள் வரும் ரேப்பை நம்பி வாங்காதீர்கள்.

இதைப் பார்த்திராதவர்களுக்கு: யன்னலைச் சுற்றியுள்ள மரச்சட்டத்தில் இரண்டு பக்கமும் ஒட்டக்கூடிய ரேப்பை ஒட்டி, அதன்மேல் மெல்லிய, தெளிவான பிளாஸ்ரிக்கை விரித்து, ஹெயர் டிரையரால் சூடு காட்டினால் அது சுருங்கி இறுகிவிடும். பிளாஸ்ரிக்குக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அசையாமல் நிற்கிற காற்றுத்தான் குளிரை மறிக்கிறது. நாலைந்து யன்னலுக்குக் காணும் ஒரு பெட்டி சாதாரணமாக 20, 25 டொலருக்குள் முடியும். புது யன்னல் போடுவதென்றால் ஆயிரக்கணக்கில் கேட்பார்கள், வாடகைக்கு இருப்பவர்களுக்கு அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

எங்களுடையது ஸ்காபரோவில் அறுபதுகளில் கட்டிய, மாடியில்லாத பங்களா வீடு, அலுமினியச் சட்டத்தில் பக்கவாட்டாக இழுத்துத் திறக்கும் யன்னல்கள். வெளியே மைனஸ் 20க்குப் போகும் நாட்களில் வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் நிற்காமல் ஓடினாலும் யன்னலோடு கிடக்கும் சோபாவில் ஒருத்தரும் இருக்கமாட்டார்கள். காலையில் புட்டு அவித்தால் குசினி யன்னலில் தண்ணீர் வடிந்து கீழே தேங்கி, இரவில் அது ஐஸ் கட்டி, மார்ச் வரும்போது மூலையெல்லாம் கறுத்துப் பூஞ்சணம் பிடித்திருக்கும்.

பிளாஸ்ரிக் ஒட்டிய பிறகு இந்தத் தண்ணீர்ப் பிரச்சினை கிட்டத்தட்ட நின்றுவிட்டது, எனக்கு இதுதான் குளிர் குறைந்ததைவிடப் பெரிய இலாபம். வீட்டுக்குள் இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டால்தானே நீராகும், இப்போது படுவதில்லை. ஆனால் நாலு பக்கமும் இடைவெளியில்லாமல் ஒட்டியிருக்க வேண்டும். ஒரு மூலை கழன்றாலும் ஈரம் உள்ளே போய் அங்கேயே மாட்டிக்கொள்ளும், துடைக்கவும் வழியில்லை. அப்புறம், ஃபேர்னஸோடு காற்றுக்கு ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையர் இருந்தால் கடும்குளிர் நாட்களில் அதை 30 சதவீதத்துக்குக் கீழே இறக்கிவையுங்கள். சமைக்கும்போது ஆவியை வெளியே இழுக்கும் ஃபானைப் போடுங்கள். எங்கள் சமையலுக்கு அது கட்டாயம்.

சரி, ரேப்புக்கு வருகிறேன். பெட்டியில் வந்தது ஜனவரியில், அதுவும் மேல்பக்கத்தில், இரவோடிரவாகக் கழன்று தொங்கியது. சட்டத்தை அல்கஹோல் போட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுத்தான் ஒட்டியிருந்தேன், ஆகவே குறை பசையில்தான். கம்பனி பெயர் வேண்டாம், மலிவான பெட்டிகளில் பலருக்கும் இதே முறைப்பாடு இருக்கிறது. வன்பொருள் கடையில் நல்ல இருபக்க ரேப் தனியாகக் கிடைக்கும், அதை வாங்கிப் போட்டபின் அசையவில்லை. இன்னொன்று, இந்த வேலையை ஒக்டோபரில் முடித்துவிடுங்கள், சட்டம் குளிர்ந்தபிறகு எந்த ரேப்பும் சரியாகப் பிடிக்காது.

ஒட்டும்போது மேலேயிருந்து தொடங்கிப் பக்கங்களுக்கு வாருங்கள். சுருக்கம் விழுகிறதே என்று இழுத்து இழுத்துச் சரிசெய்யத் தேவையில்லை, முதலில் அது பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். டிரையரை ஆகக்கூடிய சூட்டில் வைத்து, ஓர் அங்குலம் அளவு தள்ளிப் பிடித்து, மூலையிலிருந்து மெல்ல நகர்த்தினால் ஒவ்வொரு சுருக்கமாக ஓடிப்போய்க் கடைசியில் மிருதங்கத் தோல்போல இறுகி நிற்கும். ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டிருந்தால் ஓட்டை விழும். ஓரத்தில் மிஞ்சியதை இதெல்லாம் முடிந்தபிறகுதான் வெட்ட வேண்டும்.

காற்றடிக்கும் நாளில் சில யன்னல்களில் பிளாஸ்ரிக் வயிறு தள்ளியமாதிரி உள்ளே வீங்கிச் சரசரக்கும், இரவில் எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த யன்னலால் எவ்வளவு காற்று உள்ளே வருகிறது என்பது அப்போதுதான் தெரியவந்தது. பிளாஸ்ரிக் இல்லாத இடங்களுக்குச் சாம்பிராணிக்குச்சி போதும், கொளுத்திக் கதவோரமாகப் பிடித்தால் புகை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அங்கேதான் ஓட்டை. எங்கள் வீட்டில் முன்கதவின் அடிப்பக்கம் எல்லா யன்னலையும்விட மோசம். கதவடியில் பூட்டும் ரப்பர்ப் பட்டி ஒன்று போட்டோம். மலிவான ஃபோம் ரேப் அடுத்த குளிருக்குள் நசிந்துவிடும், அதில் காசைக் கொட்டாதீர்கள்.

எங்கே ஒட்டக்கூடாது என்பதைப் பெட்டியில் எவனும் பெரிதாக அச்சடிப்பதில்லை. பேஸ்மென்றில் படுக்கையறை இருந்தால், நெருப்புப் பிடித்தால் ஏறித் தப்பும் யன்னலில் வேண்டாம். ஒன்ராரியோ கட்டட விதிப்படி அந்த யன்னல் 0.35 சதுர மீற்றராவது தடையில்லாமல் திறக்கவேண்டும். எங்கள் சனம் பேஸ்மென்றை வாடகைக்கு விடுவது அதிகம் என்பதால் சொல்கிறேன், ஹீற்றிங் காசை மிச்சம் பிடிக்க அதை அடைத்துவிடாதீர்கள். ஃபேர்னஸின் பிளாஸ்ரிக் குழாய்கள் வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருந்தால் அவற்றையும் மூடக்கூடாது, பனி மூடினாலும் அந்தப் பனியை வெட்டி எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் ஃபேர்னஸ் தானாகவே நின்றுவிடும்.

கரண்ட் போனாலும் ஃபேர்னஸ் நின்றுவிடும், காஸில் ஓடினாலும் காற்றை ஊதும் மோட்டருக்குக் கரண்ட்தானே வேண்டும். 2013 டிசம்பர் உறைமழையில் ரொறன்ரோவில் மட்டும் மூன்று இலட்சம் இணைப்புகள் வரை இருளில் கிடந்தன. அப்படி ஒரு நாளில் இந்தப் பிளாஸ்ரிக் சூட்டைக் கொஞ்சநேரம் பிடித்துவைக்கும், அவ்வளவுதான். பார்பிகியூ அடுப்பை மட்டும் உள்ளே கொண்டுவராதீர்கள், அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட் மணமே இல்லாமல் கொல்லும்.

ஏப்ரலில் கழற்றும்போது ரேப்பை டிரையரால் சூடாக்கி மெதுவாக உரியுங்கள். பழைய பெயின்ற் என்றால் அப்படியும் கொஞ்சம் சேர்ந்து வரும், வாடகைக்கு இருப்பவர்கள் முதலில் ஒரு மூலையில் சோதித்துப் பார்த்துவிட்டு ஒட்டலாம். புதிய இரட்டைக் கண்ணாடி யன்னல் உள்ளவர்களுக்கு இதில் பெரிய இலாபமில்லை. மற்றவர்கள் பெட்டியோடு நல்ல ரேப் ஒன்றையும் சேர்த்து எடுத்துவிடுங்கள்.