கூப்பர் பிளாக்: எட்டு வருடம், ஒரு ரூபாய் பாக்கி

போன வாரம் நண்பர் ஒருவர் போன் செய்தார். டீக்கடை ஒன்றுக்கு விலைப்பலகை செய்கிறாராம். "பழைய காலத்து லுக் வேணுங்கிறாங்க. நீங்கதான் கூப்பர் பிளாக்கை விடாமப் போடுறீங்களே, எடுக்கலாமாண்ணே?" என்றார். "வேண்டாம்பா" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். எட்டு வருடமாக அதே ஆங்கில எழுத்துருவில் பெயர்ப்பலகை, கேக் பெட்டி, தாம்பூலப் பை என்று அடித்துத் தள்ளியவன் நான். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவருக்கு விளக்கவில்லை. அதற்குத்தான் இது.

முதலில் நியாயமாகப் பேசிவிடுகிறேன். வினைல் ஸ்டிக்கர் வெட்டி ஒட்டுகிறவனுக்கு இதைப் போல ஒரு நண்பன் கிடையாது. எழுத்தின் வெளி ஓரமெல்லாம் பன் மாதிரி உருண்டு நிற்பதால் பிளேடு எங்கும் முரண்டு பிடிக்காது. வேண்டாத பகுதியை உரிக்கும்போது நுனி கூடவே கிழிந்து வராது. அதைவிடப் பெரிய சௌகரியம் ஒன்று உண்டு. எழுத்துகளின் பாதம் தட்டையாக இல்லாமல் லேசாகப் பிதுங்கியிருக்கும். அதனால் பையன் ஏணியில் நின்றுகொண்டு ஒரு எழுத்தை இம்மி கோணலாக ஒட்டினாலும் கீழே நிற்பவர் கண்டுபிடிக்க முடியாது. நேர்க்கோட்டுப் பாதமுள்ள எழுத்துருவில் இதே தவறு தெருமுனை வரை தெரியும். அப்புறம் அந்த ஆங்கில 'ஓ'. அதன் உள் ஓட்டை நேராக நிற்காமல் பின்பக்கம் சாய்ந்திருக்கும், விருந்து முடித்துத் திண்ணையில் சாய்ந்த மாமாவைப் போல. எட்டு வருடத்தில் அது மட்டும் எனக்குச் சலிக்கவே இல்லை.

பிரச்சினை ₹.

என்னிடம் இருப்பது ஆபீஸ் மென்பொருளோடு வந்த பதிப்பு. அதில் ரூபாய்க் குறி கிடையாது. நீங்கள் தட்டினால் கணினி வேறு ஏதோ எழுத்துருவிலிருந்து ஒன்றை இரவல் வாங்கி வைக்கும். தடித்த 120-க்குப் பக்கத்தில் நோஞ்சானாக ஒரு ₹. சிகாகோவில் ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்து, பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் அச்செழுத்து வார்ப்பகம் 1922-இல் வெளியிட்ட எழுத்து இது. நம் குறி வந்தது 2010 ஜூலையில், அதுவும் தமிழ்நாட்டுக்காரரான உதயகுமார் கைவண்ணத்தில். 1940-லேயே காலமான கூப்பரிடம் போய்ச் சண்டை போட முடியாது, சரி. ஆனால் தூரப்பார்வை உள்ள அச்சகத்தாருக்கும் கிட்டப்பார்வை உள்ள வாடிக்கையாளருக்கும் ஏற்ற எழுத்து என்று அவரே இதைக் கேலியாகச் சொல்வாராம். நம் வாடிக்கையாளர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு முதலில் தேடுவதே விலையைத்தானே!

பேக்கரி ஒன்றுக்கு நாற்பது அயிட்டம் கொண்ட பலகை செய்தேன். கடைசி நிமிடத்தில் பப்ஸ் விலை மாறியது. அவசரத்தில் அந்த ஒரு வரியை மட்டும் கர்வ்ஸாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக, மாற்ற மறந்து ஃபைலை அனுப்பிவிட்டேன். பிளக்ஸ் அடித்து வந்தபோது பப்ஸுக்கு முன்னால் ஒரு காலிக் கட்டம். முதலாளி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது என்ன தம்பி, கேரம் போர்டா?" என்றார். மறு பிரிண்ட் செலவு என் தலையில். தப்பு என்னுடையதுதான், ஆனாலும் கோபம் எழுத்துரு மேல்தான் வந்தது.

அதன்பிறகு நானே ஒரு ₹ செய்துகொண்டேன். இதே எழுத்துருவின் 'ஆர்' எழுத்தை எடுத்து, தண்டை வெட்டி, மேலே இரண்டு கோடுகள். கேட்க எளிது. 'ஆர்' வயிற்றில் இருப்பதோ சின்ன ஓட்டை. அதற்குள் கோட்டை நுழைத்தால் மொத்தமும் அடைத்து, தூரத்தில் கறுப்பு உருண்டைதான் தெரியும். கோட்டை மெலிதாக்கினால் பழையபடி நோஞ்சான். ஓட்டையைப் பெரிதாக்கி, கோடுகளின் முனையை உருட்டி, மூன்று ராத்திரி போனது. பலூ தம்பி என்ற தமிழ் எழுத்துருவிலிருந்து எடுத்துப் போடலாமே என்பீர்கள். பலகையில் தமிழுக்கு நான் அதைத்தான் போடுகிறேன், பொருத்தமாகவே இருக்கும். ஆனால் அதன் கோடுகள் ஏறக்குறைய ஒரே தடிமன். கூப்பரில் தடித்த இடமும் மெலிந்த இடமும் மாறி மாறி வரும். விலைக்கு முன்னால் வைத்தால் இரவல் சட்டை என்று தெரிந்துவிடும்.

'ரூ.' என்று தமிழிலேயே போட்டுவிடலாம். நான் கேட்டால் எந்தக் கடைக்காரரும் ஒத்துக்கொள்வதில்லை, குறிதான் வேண்டுமாம்.

ஆகவே நண்பரே, பெயர்ப்பலகைக்குக் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். விலைப்பலகைக்கு வேண்டாம். வேண்டவே வேண்டாம். அப்படியும் எடுப்பதென்றால், நான் செய்த ₹ ஃபைலை அனுப்புகிறேன். கீழ்க்கால் கொஞ்சம் நீளம், எண்ணோடு ஒட்டி வைத்தால் இடிக்கும். ஒரு நூல் தள்ளி வையுங்கள்.