சேர்த்தா, பிரித்தா? ஆங்கிலத்தில் ஓர் இடைவெளி செய்யும் வேலை

சேர்ந்து நின்றால் ஒரு பொருளும் பிரிந்து நின்றால் வேறு பொருளும் தரும் சொல்லுக்குத் தமிழ் இலக்கணத்தில் பெயரே உண்டு: பொதுமொழி. ‘பலகை’ சேர்ந்து நின்றால் மரத்துண்டு, ‘பல கை’ என்று பிரிந்தால் கைகள். மலாயிலும் ‘காக்கிதாங்ஙான்’ சேர்ந்தால் பணியாளர், பிரிந்தால் காலும் கையும். ஆங்கிலத்தில் இது பெரும்பாலும் அழுத்தத்தால் காதுக்குப் புரிகிறது. நாம் எல்லா அசையையும் ஒரே அழுத்தத்தில் பேசுவதால், எழுதும்போது கை தடுமாறுகிறது.

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரத்துக் கடைவீதிக்குப் பொருத்தமான ஜோடி எவ்ரிடே, எவ்ரி டே. தினமும் கடை திறந்திருக்கும் என்றால் ‘ஓப்பன் எவ்ரி டே’, இரண்டு சொல். நடுவில் ‘சிங்கிள்’ போட்டுப் பாருங்கள். ‘எவ்ரி சிங்கிள் டே’ பொருந்தினால் பிரித்தே எழுத வேண்டும். சேர்ந்த ‘எவ்ரிடே’ வழக்கமான, சாதாரணமான என்ற பெயரடை. ‘எவ்ரிடே வொர்க்’ என்பதுபோல அதற்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல் வரும்.

தோட்ட அலுவலகக் கடிதத்தில் அதிகம் சறுக்குவது ஓவர்டைம். மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி சாதாரண வேலைநாளில் மணிக்கூலியின் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் தர வேண்டிய மிகைநேரம், சேர்ந்த ‘ஓவர்டைம்’. ‘ஓவர் டைம்’ என்று பிரித்தால் காலப்போக்கில் என்று பொருள். செம்பனை உயரமாக வளர்வது ‘ஓவர் டைம்’. மாலையில் கூடுதலாகக் குலை ஏற்றியதற்குக் கேட்கும் காசு ‘ஓவர்டைம்’.

ஆனால் மிக ஆபத்தானது அபார்ட். வேலை விண்ணப்பத்தில் ‘அபார்ட் ஆஃப் யுவர் டீம்’ என்று எழுதினால், உங்கள் குழுவில் ஒருவராக என்று சொல்ல வந்தவர் ‘விலகி’ என்ற சொல்லைப் போட்டுவிடுகிறார். பின்னால் ‘ஆஃப்’ வந்தால் ‘அ பார்ட்’ என்று பிரியும். ‘ஃப்ரம்’ வந்தால் பெரும்பாலும் சேரும். பொருள் நேர் எதிராகத் திரும்புவதால், மற்றவற்றை விட்டாலும் இதை விடக்கூடாது.

ஆல்ரெடி, ஆல் ரெடி ஜோடியில் ‘ஆல்’ என்பதை எடுத்துப் பார்த்தால் போதும். ‘வி ஆர் ரெடி’ நின்றால் பிரியும், எல்லாரும் தயார். நிற்காவிட்டால் மலாயின் ‘சுடா’, அதாவது ஏற்கெனவே. மேபி, மே பி இன்னும் எளிது: ‘பெர்ஹாப்ஸ்’ பொருந்தும் இடத்தில் மட்டும் சேர்க்கலாம். ‘ஹி மே பி சிக்’ என்பதில் அது பொருந்தாது, ஆகவே பிரியும்.

கணினி வந்தபின் பெருகியவை லாகின், செட்டப், பேக்கப். மூன்றும் சேர்ந்தால் பெயர், பிரிந்தால் வினை. இறந்தகாலமாக்கிப் பாருங்கள்: ‘லாக்ட் இன்’ என்று முதற்பாதிதான் மாறுகிறது, அதனால் வினை இரண்டு சொல். கணக்குக்குள் நுழையச் சொல்லும் அறிவிப்பில் ‘லாகின்’ என்று சேர்த்தால் பிழை.

ஒப்பிட எதுவுமே இல்லாதவையும் உண்டு. ‘அ லாட்’, ‘இன் ஃபேக்ட்’, ‘ஈவன் தோ’, ‘இன் ஸ்பைட்’ எப்போதும் பிரிந்தே நிற்கும். சேர்ந்த வடிவம் அகராதியில் பிழைதான். ‘ஆல்ரைட்’ சேர்ந்தும் புழங்குகிறது, என்றாலும் எஸ்பிஎம் என்ற மலேசியப் பள்ளியிறுதித் தேர்வுத் தாளில் ‘ஆல் ரைட்’ என்று பிரித்து எழுதுவதே பாதுகாப்பு. ‘கேனாட்’ மட்டும் தலைகீழ், அதைச் சேர்த்து எழுதுவதே வழக்கம்.