ஆண்டு உமிழ்வா, திரண்ட உமிழ்வா: எதை அளப்பது?

புவி வெப்பமாதலுக்கு எந்த நாடு எவ்வளவு பொறுப்பு என்று கணக்கிட முனைவோர் ஓராண்டில் வெளியிடும் வாயுவின் அளவான ஆண்டு உமிழ்வு, பல்லாண்டுகளாக வெளியிட்டதன் மொத்தமான திரண்ட உமிழ்வு ஆகிய இரு அளவுகோல்களுக்கிடையே தடுமாறுகின்றனர்.

முதலிடம்: ஆண்டுக் கணக்கில் சீனா, உலகக் கரியமில வாயு உமிழ்வில் ஏறத்தாழ 30 விழுக்காடு, 1850 முதலான திரண்ட கணக்கில் அமெரிக்கா, நிலக்கரி, எண்ணெய் போன்ற புதைபடிவ எரிபொருளை மட்டும் கொண்டால் ஏறத்தாழக் கால் பங்கு.

அறிவியல் பொருத்தம்: கரியமில வாயுவின் கணிசமான பகுதி நூற்றாண்டுகள் கடந்தும் வளிமண்டலத்தில் தங்குவதால், வெப்பநிலை உயர்வு திரண்ட அளவையே பின்தொடர்கிறது, நிலக்கரியால் தொழில் வளர்த்த பிரிட்டனின் 19ஆம் நூற்றாண்டுப் புகை இன்றும் கணக்கில் நிற்பது இதனால்தான். புவியை வெப்பமாக்கும் மற்றொரு வாயுவான, சுமார் 12 ஆண்டுகளில் சிதையும் மீத்தேனுக்கு ஆண்டு உமிழ்வே பொருத்தமானது.

தரவு: ஆண்டுக் கணக்கே எளிது. திரண்ட கணக்கில் காடழிப்பையும் சேர்த்தால் பிரேசில், இந்தோனேசியாவின் பங்கு வெகுவாக உயரும்.

இனிக் குறைக்க வேண்டியதைத் திட்டமிட ஆண்டு உமிழ்வு போதும். இழப்பீட்டையும் நிதிச்சுமையையும் பகிரும்போது திரண்ட உமிழ்வை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நீதியாகாது என்றே கருதுகிறேன்.