தருக்கத்தில் வினையின் காலம்: பிரையர் வழியும் ரைக்கன்பாக் வழியும்

தத்துவவியலாளர் ஹான்ஸ் ரைக்கன்பாக் 1947இல் முன்வைத்த முறையில், வினையின் காலம் என்பது பேசும் நேரம், நிகழ்வு நேரம், நிகழ்வை எங்கிருந்து பார்க்கிறோமோ அந்த நோக்கு நேரம் ஆகிய மூன்று புள்ளிகளின் முன்பின் வரிசையே ஆகும். நியூசிலாந்தைச் சேர்ந்த தருக்கவியலாளர் ஆர்தர் பிரையர் 1950களில் வேறு வழி வகுத்தார்: நேரப் புள்ளிகளைப் பற்றி வாக்கியம் பேசவே வேண்டியதில்லை, 'முன்பு ஒருமுறை', 'இனி ஒருமுறை' என்ற பொருளுடைய குறிகளை அதன் முன் இட்டாலே போதும்.

இயல்பான பேச்சை விளக்குவதில் ரைக்கன்பாக்கே முந்துகிறார் என்பது என் கருத்து. 'ரயில் புறப்பட்டது', 'ரயில் புறப்பட்டிருக்கிறது' ஆகிய இரண்டுக்கும் பிரையரின் குறியீடு ஒன்றே. ரைக்கன்பாக் முறையில் முன்னதன் நோக்கு நேரம் கடந்த காலத்தில் நிகழ்வோடு நிற்கிறது; பின்னதில் அது பேசும் நேரத்தோடு நிற்கிறது. 'புறப்பட்டிருந்தது' என்பதற்கு இறந்தகாலக் குறியை இருமுறை இடலாம். ஆனால் எந்த இரு கணங்களுக்கும் நடுவே இன்னொரு கணம் உண்டு என்று கொண்டால் அந்த இரட்டைக் குறியும் ஒற்றைக் குறியும் ஒன்றாகிவிடுகின்றன.

எதிர்மறையில் சிக்கல் இன்னும் கூர்மையானது. வீட்டைவிட்டுக் கிளம்பிய ஒருவர் 'அடுப்பை அணைக்கவில்லை' என்கிறார். மறுப்பைக் குறிக்கு வெளியே வைத்தால் அவர் வாழ்நாளில் ஒருமுறைகூட அடுப்பை அணைக்காதவர் ஆகிறார். உள்ளே வைத்தால், அணைக்காத கணம் ஒன்று முன்பு இருந்தது என்ற வெற்றுச் செய்தியே மிஞ்சுகிறது. கிளம்பிய அந்தக் குறிப்பிட்ட வேளையைத்தான் அவர் சுட்டுகிறார் என்று இத்தகைய எடுத்துக்காட்டைக் கொண்டு மொழியியலாளர் பார்பரா பார்ட்டீ 1973இல் வாதிட்டார்.

ரைக்கன்பாக் முறையிலும் குறை உண்டு. 'நாளைக்குள் முடித்திருப்பான்' என்பதற்கு அது மூன்று வரிசைகளைத் தருகிறது. கேட்பவருக்கோ அங்கே ஐயமே எழுவதில்லை. ஒரே நோக்கு நேரம் போதாத வாக்கியங்கள் உண்டு என்று பிரையரும் சுட்டிக்காட்டினார்.

கணினியியலில் நிலைமை தலைகீழ். 'அதுமுதல்', 'அதுவரை' என்னும் பொருளுடைய இரு குறிகள் இருந்தால், எண்கோடு போன்ற காலவரிசையில், நேரப் புள்ளிகளை வெளிப்படையாகப் பேசும் முதல்நிலைத் தருக்கம் சொல்வதையெல்லாம் சொல்லலாம் என்று தருக்கவியலாளர் ஹான்ஸ் காம்ப் 1968இல் நிறுவினார். 1977இல் கணினியியலாளர் அமீர் ப்னுவேலி, கணினி நிரல்கள் சரியாக இயங்குகின்றனவா என்று சோதிக்கப் பிரையர் மரபைக் கையாண்டார். சொல்லும் ஆற்றல் சமமானாலும் செலவு சமமன்று: குறிகளால் எழுதிய வாக்கியம் நிறைவேறக்கூடியதா என்று சோதிக்க அதன் நீளத்தின் பல்லுறுப்பு அளவிலான (வர்க்கம், கனம் போன்ற) நினைவகம் போதும், முதல்நிலைத் தருக்கத்திலோ அச்செலவு, அடுக்கின்மேல் அடுக்காக (2^(2^…) என்பது போல) எத்தனை நிலைகளை முன்கூட்டி வரையறுத்தாலும் அவற்றுள் அடங்காது.