திரும்பி வந்தால் ஐந்தாண்டு சிறை

2021 மார்ச்சில் கும்பகோணம் போனேன். அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ஊருக்குப் போவதற்கு முன் ஆஸ்திரேலியாவை விட்டு வெளியேற அனுமதி வாங்க வேண்டியிருந்தது. குடிமக்களே விதிவிலக்கு கேட்டு விண்ணப்பித்தால்தான் விமானம் ஏறலாம் என்பது கொரோனா காரணமாக 2020 மார்ச்சிலிருந்து இருந்த சட்டம். முதல் விண்ணப்பத்தை ஒரு வரியில் மறுத்தார்கள். எக்ஸ்ரேயும் டாக்டர் கடிதமும் இணைத்த இரண்டாவது விண்ணப்பம் தேறியது.

டெல்லியில் இறங்கியபோது எதிர்பார்த்த அமளி எதுவும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கான இந்திய அரசின் ஏர் சுவிதா இணையதளத்தில் படிவமும் 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர். சான்றும் முன்பே ஏற்றியிருந்ததால் கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டேன். சென்னையில் இ-பாஸைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

ஊரில் மறுநாள் காலையிலேயே சுகாதார செவிலியர் வாசலில் நின்றார். விரலில் ஆக்சிமீட்டர் மாட்டினார், கபசுரக் குடிநீர்ப் பொட்டலம் கொடுத்தார். "அம்மாவுக்குப் பக்கத்தில் போகாதீங்க சார், தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்காராதீங்க" என்று என்னைத் திட்டிவிட்டுப் போனார். பதினான்கு நாளும் போன் செய்தார். அரசாங்கச் சேவை என்றால் எனக்கு இனி அந்தக் குரல்தான் நினைவுக்கு வரும்.

ஏப்ரல் இறுதியில் இந்தியாவில் இரண்டாம் அலை உச்சத்துக்கு ஏற, 27ஆம் தேதி ஆஸ்திரேலியா இந்திய விமானங்களை நிறுத்தியது. அதுகூடப் பரவாயில்லை. மே 3 முதல், வந்து சேரும் நாளுக்கு முந்தைய பதினான்கு நாட்களில் இந்தியாவில் இருந்தவர் யாராக இருந்தாலும் ஆஸ்திரேலியாவுக்குள் நுழைவதே குற்றம் என்று உயிரியல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஆணையிட்டார்கள். ஐந்தாண்டு வரை சிறை, 66,600 டாலர் வரை அபராதம். சொந்த நாட்டுக்குப் போனால் சிறை! அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அப்படி என்னடா தப்புப் பண்ணினாய்?" என்றாள்.

எல்லையை மூடுவதை எதிர்ப்பவன் அல்ல நான். 2020இல் மெல்போர்னில் 112 நாள் ஊரடங்கில் இருந்தவன். அந்த அலையே தனிமைப்படுத்தல் ஹோட்டல்களிலிருந்து கசிந்த தொற்றில்தான் தொடங்கியது. தனிமைப்படுத்தும் இடங்கள் நிரம்பினால் ஆள் வரவைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தொற்று தலைவிரித்தாடிய மாதங்களில் அங்கிருந்து திரும்பிய குடிமக்களைச் சிறை சொல்லி மிரட்டவில்லையே. பெங்களூரில் சிக்கிய 73 வயது ஆஸ்திரேலியர் ஒருவர் வழக்குப் போட்டார்; மே 10இல் தள்ளுபடியானது. ஐ.பி.எல். நின்றதும் ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீரர்கள் மாலத்தீவில் நாட்களை எண்ணிவிட்டுச் சிட்னி போனார்கள். எனக்குக் காவிரிக் கரை.

அப்போது இந்தியாவிலிருந்து திரும்பப் பெயர் பதிந்திருந்தவர்கள் சுமார் 9,000 பேர். நானும் பதிந்தேன். இருக்கை எப்போது கிடைக்கும், அம்மாவை யாரிடம் ஒப்படைப்பது என்று கேட்டு ஆஸ்திரேலிய அரசுக்கு அனுப்பிய மின்னஞ்சல்களுக்குப் பதில் இல்லை. தடை முடிந்த மே 15இல் டெல்லியிலிருந்து டார்வினுக்குப் போன முதல் விமானத்தில் 150 இடம். பரிசோதனையில் தொற்று என்று வந்தவர்களையும் அவர்களோடு இருந்தவர்களையும் கழித்து ஏறக்குறைய 80 பேர்தான் ஏறினார்கள்.

என் முறை ஜூனில் வந்தது. தமிழ்நாடு முழு ஊரடங்கில் இருந்ததால் கும்பகோணத்திலிருந்து சென்னைக்குக் காரில் போக மறுபடி இ-பதிவு. டெல்லி ஹோட்டல் அறையில் அடைத்துவைத்துப் பரிசோதித்தார்கள். முடிவு வரும்வரை சாப்பாடு இறங்கவில்லை.

டார்வினுக்கு வெளியே ஹோவர்ட் ஸ்பிரிங்ஸில் தனிமைப்படுத்தினார்கள். எரிவாயுத் திட்டத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு. வரிசை வரிசையாகத் தனித்தனி அறைகள், முன்னால் ஒரு சின்னத் திண்ணை. ஜன்னல் திறக்காத நகர ஹோட்டலைவிட ஆயிரம் மடங்கு மேல், காற்று வந்தது. எல்லா ஊரிலும் இப்படிக் கட்டியிருந்தால் சிறை மிரட்டலுக்கே தேவை இருந்திருக்காது. கட்டணம் 2,500 டாலர்.

பதினோராம் நாள் அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, நான் மே மாதம் அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பதில் வந்தது. இந்தியாவில் பாதுகாப்பாக இருக்கும்படியும், உள்ளூர் சுகாதாரப் பணியாளர்களின் அறிவுரையைக் கேட்கும்படியும் எழுதியிருந்தார்கள்.