டப்பிங் கூடமா, இணையச் சந்தையா, நேரடி வாடிக்கையாளரா? குரல் கலைஞரின் கணக்கு

குரல் கொடுத்துப் பிழைக்க நினைக்கும் தமிழருக்கு இன்று மூன்று வழிகள் திறந்திருக்கின்றன. சென்னையில் டப்பிங் கலைஞராகச் சேரலாம். ஃபைவர், அப்வொர்க் போன்ற இணையச் சந்தைகளில் கடை விரிக்கலாம். இல்லையென்றால் நிறுவனங்களை நாமே தேடிப் பிடித்து, வீட்டிலேயே பதிவு செய்து அனுப்பலாம். மூன்றிலும் வேலை பார்த்திருக்கிறேன். இப்போது கோயம்புத்தூரில் இருந்துகொண்டு மூன்றாவது வழியில்தான் சம்பாதிக்கிறேன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சாதனங்களைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. நடுத்தர விலையில் ஒரு கண்டென்சர் மைக், அதற்கு 48 வோல்ட் மின்சாரம் தந்து கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற பெட்டி, காதை மூடும் ஹெட்போன், இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி ஒலிப்பதிவு மென்பொருள் ஆகியவை போதும். மிச்சமிருக்கும் பணத்தை எதிரொலி இல்லாத அறைக்குச் செலவிடுங்கள்.

டப்பிங் கூடத்தைப் போன்ற பள்ளிக்கூடம் வேறு கிடையாது. இந்தித் தொடர் ஒன்று திரையில் ஓடும். மூல நடிகையின் குரல் ஹெட்போனில் கேட்கும். அவர் உதடு ஒட்டும் இடத்தில் நம் வசனத்தில் ப, ம போன்ற எழுத்து வந்து விழ வேண்டும். விழாவிட்டால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் சவுண்ட் இன்ஜினியர் தயங்காமல் நிறுத்திவிடுவார். மூச்சை எங்கே எடுப்பது, அழுகைக்கு நடுவே சொல் தெளிவாகக் கேட்பது எப்படி என்பதையெல்லாம் அங்கே நின்றுதான் கற்றுக்கொள்ள முடியும். ஆனால் வடபழனி, சாலிகிராமம் பக்கம் குடியிருந்து, கூப்பிட்ட நேரத்துக்குப் போய் நிற்க வேண்டும். சினிமாவுக்குக் குரல் கொடுப்பதானால் டப்பிங் கலைஞர் சங்க உறுப்பினர் அட்டையும் வேண்டும். சம்பளம் கால்ஷீட் கணக்கில் வரும். தொடர் மறு ஒளிபரப்பானாலும், பிறகு ஓடிடி தளத்துக்குப் போனாலும் அதற்காக என் கைக்கு எதுவும் வந்ததில்லை.

இணையச் சந்தையின் நன்மை வெளிப்படையானது. யாருடைய சிபாரிசும் வேண்டாம், ஊரை விட்டுப் போகவும் வேண்டாம். ஆனால் ஃபைவரில் 1,000 ரூபாய்க்கு வேலை முடித்தால் 200 ரூபாய் தளத்துக்குப் போய்விடும். மீதித் தொகையும், புதிய விற்பனையாளராக இருந்தால், 14 நாள் காத்திருந்த பிறகே கைக்கு வரும். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். தமிழருக்கு அங்கே உண்மையில் இடிப்பது, சொல் எண்ணிக்கைக்கு விலை வைக்கும் வழக்கம். ஆங்கிலத்தில் நான்கைந்து சொற்களாக நிற்பது தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் ஒட்டி ஒரே சொல்லாகிவிடும். சொற்கள் குறையும், வாசிக்கும் நேரம் குறையாது. ஆங்கிலக் கலைஞரின் விலைப்பட்டியலைப் பார்த்து அப்படியே போட்டுக்கொள்ளும் தமிழர், அதே நீளக் காணொளிக்கு அடிமாட்டு விலையில் குரலை விற்கிறார். எங்கே வேலை பார்த்தாலும், பதிவான நிமிடத்துக்கு இவ்வளவு என்றே விலை வையுங்கள்.

நேரடி வாடிக்கையாளர் என்றால் யார்? கோவையில் பம்புசெட் நிறுவனங்கள் விற்பனையாளர்களுக்குப் பயிற்சிக் காணொளி எடுக்கின்றன. மருத்துவமனைகளின் தொலைபேசியில் "தமிழுக்கு எண் ஒன்றை அழுத்தவும்" என்று சொல்ல ஒரு குரல் வேண்டும். ஜவுளிக்கடைக்கு ஆடி மாதத் தள்ளுபடி விளம்பரம் வேண்டும். இவர்களில் பலருக்குக் குரல் கலைஞரை எங்கே தேடுவதென்றே தெரியாது. ஒரு நிமிட மாதிரிப் பதிவை அனுப்பிவிட்டு, அடுத்த வாரம் ஒரு முறை போனில் பேசினால் பாதி வேலை முடிந்தது. ஒரு முறை பிடித்துப்போனால் ஆண்டுக்கணக்கில் அதே குரலைத்தான் கேட்பார்கள்; பழைய காணொளியில் ஒரு விலையோ மாடல் பெயரோ மாறினால் அந்த ஒரு வரிக்கு வேறு ஆளைப் பிடிக்க முடியாது.

பணம் இழுத்தடிப்பதுதான் இந்த வழியின் பெரிய குறை. "அக்கவுன்ட்ஸில் சொல்லிவிட்டேன்" என்ற பதிலை நிறையக் கேட்டிருக்கிறேன். மத்திய அரசின் உத்யம் தளத்தில் குறு நிறுவனமாக இலவசமாகப் பதிந்துகொண்டு, அந்த எண்ணை பில்லில் அச்சிடத் தொடங்கியதும் நிலைமை மாறியது. குறு, சிறு நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் வாடிக்கையாளர் நிறுவனங்கள் அந்தத் தொகையைத் தங்கள் வருமான வரிக் கணக்கில் உரிய ஆண்டில் செலவாகக் காட்ட முடியாது என்பதை அவர்களுடைய ஆடிட்டரே எடுத்துச் சொல்லிவிடுவார். ஒரே நிறுவனத்திடமிருந்து ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் 10 சதவீதத்தை டி.டி.எஸ். என்று வருமான வரிக்காக முன்கூட்டியே பிடிப்பார்கள், கணக்குத் தாக்கல் செய்து அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

ஆனாலும் நான் மூன்றாவது வழியில் நிலைத்ததற்குக் காரணம் வேறு. பதிவை அனுப்பிய பிறகு குரல் எங்கெல்லாம் போகிறது, எத்தனை காலம் ஒலிக்கிறது என்பதை நானே எழுதிக் கையெழுத்து வாங்க முடிகிறது. மற்ற இரண்டிலும் இது நடப்பதில்லை. டப்பிங்கில் நீட்டிய தாளில் கையெழுத்துப் போடுகிறோம். இணையச் சந்தையில் வணிகப் பயன்பாட்டு உரிமைக்கும் ஒளிபரப்பு உரிமைக்கும் கூடுதல் விலை வைக்கலாம்தான். ஆனால் வாங்கியவர் வேறு நாட்டில் இருக்கிறார்; மலிவான உரிமையை வாங்கிக்கொண்டு தொலைக்காட்சியில் ஓடவிட்டால் நமக்கு எப்படித் தெரியும்? கோவைக் கடையின் விளம்பரம் என்றால் அதை என் காதாலேயே கேட்கிறேன்.

பதிப்புரிமைச் சட்டம் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. உரிமையை மாற்றித் தரும்போது காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் வைத்துக்கொள்ளப்படும். நம்மைப் போன்ற நிகழ்த்துகலைஞருக்கும் அந்த விதி பொருந்தும். ஆகவே பேசாமல் விட்டால் ஐந்தாண்டை நாமே தூக்கிக் கொடுத்தது போலாகும். என் ஒவ்வொரு பில்லின் அடியிலும் இந்த வரிகள் இருக்கும்: "இந்தப் பதிவு மேற்கண்ட ஒரு காணொளிக்கு மட்டும். இணையத்தில் ஓராண்டு. தொலைக்காட்சி, வானொலிக்குத் தனிக் கட்டணம். செயற்கைக் குரல் உருவாக்கவோ, அதற்கான பயிற்சிக்கோ பயன்படுத்த அனுமதி இல்லை." ஓராண்டு முடியும் மாதத்தில் ஒரு மின்னஞ்சல் அனுப்புவேன். தொடர்ந்து ஓட்டுபவர்கள் புதுப்பிப்புக் கட்டணம் தருகிறார்கள். புதிதாக மைக் முன்னால் உட்காராமலே வரும் பணம் அது ஒன்றுதான். எல்லா வாடிக்கையாளரும் இதற்குச் சம்மதிப்பதில்லை. சிறு கடைக்காரர்கள் ஒரே தொகையில் முடித்துக்கொள்ளத்தான் பார்ப்பார்கள். அவர்களுக்கு முதல் விலையையே ஏற்றிச் சொல்கிறேன்.

செயற்கைக் குரல் பற்றிய அந்தக் கடைசி வரியை யாருக்காகவும் நீக்குவதில்லை. 2024இல் பாடகர் அரிஜித் சிங்கின் குரலை நகலெடுக்கும் கருவிகளுக்கு எதிராக பம்பாய் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அவர் குரலை நாடே அறியும். மருத்துவமனைத் தொலைபேசியில் ஒலிக்கும் குரல் இன்னாருடையது என்று நிரூபிக்க நம்மிடம் அந்த பில்லைத் தவிர வேறென்ன இருக்கிறது? மணிக்கணக்கில் வாக்கியங்களை வாசித்துத் தரச் சொல்லி, கேட்டதற்கு மேல் பணம் தருவதாக வரும் அழைப்புகளில் எதற்காக என்று முதலில் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஒலிநூல், ஆடியோ தொடர் தளங்கள் பற்றி எனக்கு அனுபவம் குறைவு. அங்கே வேலை நிறைய இருப்பதாகப் படுகிறது, கட்டணம் எனக்கு ஒத்துவரவில்லை. நீண்ட கதையை வாசிப்பதில் ஆர்வமுள்ளவருக்கு ஒத்துவரலாம். பெரிய நிறுவனங்களின் தொலைக்காட்சி விளம்பரங்களிலும் ஓரிரு முறைதான் தலைகாட்டியிருக்கிறேன்.

இருபதுகளில் இருந்து, சென்னையில் தங்க இடமும் இருப்பவர் முதலில் டப்பிங் கூடத்துக்கே போகட்டும். அங்கே வரும் நிதானத்தை வீட்டு அறையில் தனியாக வளர்த்துக்கொள்வது கடினம். இணையச் சந்தையில் ஒரு கணக்கு கிடந்துவிட்டுப் போகட்டும், மாதிரிப் பதிவுகளை வைக்க உதவும். ஆனால் முதல் நேரடி வாடிக்கையாளர் கிடைக்கும் நாளிலிருந்தே பில்லின் அடியில் அந்த வரிகளை எழுதுங்கள். விலையைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். எழுதாமல் அனுப்பிவிட்ட பதிவுக்குப் பின்னாளில் நிபந்தனை போட யாரும் இடம் கொடுக்க மாட்டார்கள்.