பேனல் மூலையில் ஒரு குட்டி வரைபடம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, மனு டைப் அடிப்பது, இதுதான் பிழைப்பு. 2016-இல் கடைக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் மாதிரி இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டமான லினக்ஸ் மின்ட் போட்டேன், மாட்டே (MATE) டெஸ்க்டாப்போடு. லினக்ஸின் பழைய டெஸ்க்டாப்பான க்னோம் 2 மாதிரியே வேண்டும் என்றவர்களுக்காக 2011-இல் கிளம்பிய டெஸ்க்டாப் அது. அதன் பேனலில், அதாவது திரை ஓரத்துப் பட்டையில், சேர்த்துக்கொள்ளும் 'சிஸ்டம் மானிட்டர்' என்ற ஆப்லெட்டை, அந்தக் குட்டிப் புரோகிராமைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஒரு தபால்தலை அளவுதான் இருக்கும். பிராசஸர் எவ்வளவு வேலை செய்கிறது என்று ஒரு குட்டி வரைபடம் வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டே இருக்கும். "என்ன தம்பி, கம்ப்யூட்டருக்கு ஈ.சி.ஜி.யா?" என்று மனு அடிக்க வந்த பெரியவர் ஒருவர் கேட்டார். அன்றிலிருந்து கடையில் அதற்குப் பெயரே ஈ.சி.ஜி.தான்.

ரொம்ப நாள் அது வெறும் அலங்காரம். மவுஸை மேலே வைத்தால் சதவீதம் வரும், பார்த்துக்கொள்வேன், அவ்வளவுதான். சும்மா இருக்காமல் புதுப்பிக்கும் இடைவெளியை 100 மில்லி நொடிக்குக் குறைத்து வைத்தேன். வேலையை அளக்க வந்ததே வேலை வாங்க ஆரம்பித்தது! 1000-க்கு ஏற்றிய பிறகுதான் சரியானது.

2018 ஆவணி முகூர்த்த நெருக்கடியில்தான் அதன் அருமை தெரிந்தது. ஒரு பத்திரிகை ஃபைலைத் திறந்தால் திரை அப்படியே உறைந்துவிடும். பிராசஸர் பழசு, மெஷினையே மாற்றுங்கள் என்றார் சர்வீஸ்காரர். ஆனால் வரைபடத்தில் வேறு கதை ஓடியது. இந்த ஆப்லெட் ஒரே நிறத்தில் காட்டாது. நம் புரோகிராம்களுக்கு ஒரு நிறம், சிஸ்டத்துக்கு ஒன்று, டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நேரத்துக்கு, அதாவது ஐ.ஓ. வெயிட்டுக்கு, இன்னொன்று. அதற்கு நான் சிவப்பு வைத்திருந்தேன். உறையும் போதெல்லாம் சிவப்பு மட்டும்தான் மேலே ஏறியது. செங்கல் வராமல் கொத்தனார் சும்மா உட்கார்ந்திருக்கும் கதைதான். எத்தனை புரோகிராம்கள் வரிசையில் நிற்கின்றன என்று சொல்லும் லோடு எண்ணும் 4-ஐத் தாண்டியிருந்தது. டிஸ்க்குக்குக் காத்துக்கிடக்கும் புரோகிராம்களையும் லினக்ஸ் அந்தக் கணக்கில் சேர்த்துவிடும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். ஹார்டு டிஸ்க்கைச் சோதித்துப் பார்த்தால் கெட்டுப்போன செக்டர்கள் கூடிக்கொண்டே போகின்றன. 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கிப் போட்டேன். அதே மெஷின் இன்னும் நான்கு வருடம் ஓடியது.

குறை இல்லாமல் இல்லை. வெப்பத்தைக் காட்டாது, அதற்குத் தனி ஆப்லெட் வேண்டும். எங்கள் ஊர்க் கடல் காற்றில் வரும் பிசுபிசுப்பும் தூசியும் சேர்ந்து கூலர் ஃபேனில் அடையாக அப்பிக்கொள்ளும். கத்திரி வெயிலில் பிராசஸர் சூடு தாங்காமல் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது சின்ன வேலைக்குக்கூட வரைபடம் உச்சியில் நிற்கும். ஏன் என்று அது சொல்லாது. கழற்றி பிரஷ்ஷால் துடைத்தால் இறங்கிவிடும்.

இன்னொன்று, எனக்கு நிஜமாகவே எரிச்சல் தருவது: பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் கோர்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வரைபடமாகத்தான் போடும். பழைய இரண்டு கோர் மெஷினில் ஒரு புரோகிராம் சிக்கிச் சுற்றி ஒரு கோரை முழுக்கப் பிடித்துக்கொண்டால் பாதி உயரம் வரும், உடனே கண்ணில் படும். 2022-இல் வாங்கிய நான்கு கோர் மெஷினில் அதே சிக்கல் கால்வாசிதான். போன மாதம் பி.டி.எஃப். மாற்றும் புரோகிராம் ஒன்று காலையிலிருந்து இப்படிச் சுற்றிக்கொண்டிருந்ததை, சாயங்காலம் ஃபேன் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். இப்போதெல்லாம் கால்வாசி உயரத்தில் கோடு அசையாமல் நின்றால், கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு முதலில் அதைப் பார்க்கிறேன்.